நடுவே நிற்க ஒருவர்

இந்தியப் பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேசப் புகுவோர் கடலூரின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாத காலம் இது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில், தேவனாம்பட்டினம் முதலான கடலோரக் குப்பங்களுக்குள் அலை புகுந்து, இம்மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, பெற்றோரை இழந்தும் வீடு வாசலை இழந்தும் திகைத்து நின்ற பெண் குழந்தைகள் சிலரைப் பயிற்றுநர் மாரியப்பன் மைதானத்துக்கு அழைத்து வந்து ஆட வைத்த வரலாறு பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. கடலூர்ப் பெண்ணாகிய இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாகவும், தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் உயர்ந்ததையும், பண்ருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதன் தேசிய அணியில் இடம் பெற்றதையும், 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் இறுதியாட்டத்தில் வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்ததையும் இவ்வூர்ச் சிறுமியர் இன்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெண்கள் பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் ஆடிய முதல் ஆட்டங்களில் வாயில் விசிலோடு அவர்களுடன் வெயிலில் ஓடியவர் யார் என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. இரண்டு கட்சி, ஒரு பந்து, சுற்றி நின்று கூவும் ஜனங்கள், இவ்வளவே ஆட்டம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாமவர் ஒருவர் நடுவே இல்லாவிட்டால் அந்த ஆட்டம் கால் மணி நேரத்தில் கைகலப்பாக முடியும் என்பது ஒவ்வொரு தெருப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தும், அவருடைய ஸ்தானத்தை மட்டும் நாம் சிந்திப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்து மைதானத்திலோ, திருப்பாதிரிப்புலியூரின் பள்ளித் திடல் ஏதேனும் ஒன்றிலோ, தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலிலோ சற்று நேரம் நின்று பார்ப்பவருக்கு இது விளங்கும். பெரியவர்கள் ஆடும் இறுதியாட்டத்துக்குக் கறுப்புச் சட்டையும் கொடி பிடித்த இரண்டு உதவியாளருமாக முறையான நடுவர் வருகிறார். அன்று காலை ஏழு மணிக்கு நடந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கோ, ஏதாவது ஒரு கட்சியின் பயிற்றுநரே விசிலை ஊதியிருப்பார்; அவருக்கும் கை ஒழியாவிட்டால், கால் சுளுக்கி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “டேய், சும்மாத்தானே நிக்கிற, இந்த விசில கொஞ்சம் புடி” என்று சொல்லியிருப்பார்கள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டிகளிலும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளிலும் உடற்கல்வி ஆசிரியர்களே இச்சுமையை ஏற்கிறார்கள். தம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, பெயர்ப் பட்டியலும் வயதுச் சான்றிதழும் சரிபார்த்து, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து, பிறகு வேறு இரண்டு பள்ளிகளின் ஆட்டத்துக்கு நடுவராகவும் ஓடும் அந்த ஆசிரியர்களின் பிரயாசையை எவ்வளவு போற்றினாலும் தகும். குறை அவர்களுடையதன்று. தேர்ந்த நடுவர் பெரியவர்களுக்கு, கிடைத்தவர் குழந்தைகளுக்கு என்று நாம் நெடுங்காலமாக அனுசரித்து வரும் முறையே தலைகீழானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏனென்றால், பெரியவர்களுடைய ஆட்டத்தில் நடுவர் செய்யும் பிழை ஒரு கோப்பையைத்தான் இடம் மாற்றும். சிறுவர் ஆட்டத்தில் அவர் காட்டும் பட்சபாதமோ அசிரத்தையோ, நியாயம் என்று உலகில் ஒன்று உண்டா என்று அப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கும் மனத்தில் போய்ப் பதிகிறது. வீட்டில் தகப்பனார் சொல்வதும் பள்ளியில் ஆசிரியர் சொல்வதும் கட்டளை. கட்டளையிடுபவரும் அதற்குக் கட்டுப்படாதவரல்லர் என்பதை ஒரு குழந்தை முதன்முதலாகக் கண்ணால் காணும் இடம் மைதானம். தனக்கு வேண்டியவனாயினும் தவறு செய்தால் ஊதுவார், தன்னைத் திட்டியவனாயினும் அவனுக்கு அநியாயம் நேர்ந்தால் அவன் பக்கம் கையை நீட்டுவார் என்ற நம்பிக்கை அந்த வயதில் ஒருமுறை வேரூன்றிவிட்டால், பிற்காலத்தில் நீதிமன்றத்தையும் அலுவலகத்தையும் தேர்தலையும் அந்தப் பிள்ளை நோக்கும் நோக்கே வேறாக இருக்கும்.

இந்தக் கலையின் சரித்திரத்தைப் பார்த்தால், அதற்கு இன்றைய உருவம் கொடுத்தவர்களில் முக்கியமான இருவர் பள்ளி ஆசிரியர்களாக இருந்திருப்பது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுவர் மைதானத்தின் குறுக்கே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓடி, இரண்டு உதவி நடுவர்களும் ஆளுக்கு ஒரு பக்கக் கோட்டைக் காக்கும் முறையைப் பரப்பியவரும், கால்பந்து விதிகளை 1938-இல் ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதியவரும், பின்னர் ஃபிஃபாவின் தலைவராக விளங்கியவருமான ஸ்டான்லி ரௌஸ், இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரத்துப் பள்ளி ஆசிரியர். மற்றவர் கென் ஆஸ்டன். 1962-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், சாண்டியாகோ நகரில், சிலி நாட்டுக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டத்தில், உதையும் குத்துமாக இரு தரப்பினரும் மோதிக்கொண்டு, போலீஸார் உள்ளே வந்து விலக்கவேண்டிய அளவுக்கு விவகாரம் முற்றிய அன்று நடுவராக நின்றவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஆட்டத்தில், நடுவர் யாரை எச்சரித்தார், யாரை வெளியேற்றினார் என்பதே ஆட்டக்காரர்களுக்கு விளங்காமல் போன குழப்பத்தைப் பற்றி யோசித்தவாறு லண்டன் வீதியில் காரில் சென்றுகொண்டிருந்த ஆஸ்டனுக்கு, எதிரே மாறிய போக்குவரத்து விளக்கின் மஞ்சளையும் சிவப்பையும் கண்டதும் பளிச்சென்று உதித்த யோசனைதான், 1970-ஆம் ஆண்டு மெக்ஸிகோ உலகக் கோப்பையில் முதன்முதலாகக் கைக்கு வந்த அந்த இரண்டு அட்டைகள்.

அட்டைகளின் கதை பலர் அறிந்தது. அதே ஆஸ்டன் தம் முதுமையில் எங்கே போய் நின்றார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டாரன்ஸ் என்ற ஊரில் 1964-இல் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு, ஒவ்வொரு குழந்தையும் ஆட வேண்டும் என்பதைத் தன் முதல் கொள்கையாக வைத்து, பயிற்றுநர் நடுவர் ஆகிய இரு வேலைகளையும் ஊதியம் வாங்காத பெற்றோரைக் கொண்டே நடத்தி வளர்ந்த ஸ்தாபனம். வாரமெல்லாம் கடையிலும் ஆபீஸிலும் உழைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் விசிலோடு மைதானத்துக்கு வரும் அந்தத் தாய் தந்தையருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க, உலகக் கோப்பை நடுவராக இருந்த ஆஸ்டன் பல ஆண்டுகள் கடல் கடந்து சென்று வந்தார். உலகத்தின் மிகக் கொந்தளிப்பான ஆட்டத்தைக் கண்டவர், தம் அனுபவத்தை எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்காகச் செலவிடுவதைத் தாழ்வாக எண்ணவில்லை.

சிறுவர் ஆட்டத்துக்கு நடுவராக ஒருவர் என்ன கற்க வேண்டும்? கால்பந்துக்கு விதிகள் பதினேழே. 1886-இல் ஏற்பட்ட சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் ஆண்டுதோறும் அவற்றைப் பரிசீலித்து, வேண்டிய மாறுதல்களைச் செய்து வெளியிடுகிறது. எவரும் பணம் கொடுக்காமல் படிக்கலாம். கோல் கீப்பர் பந்தைக் கையில் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிர்க்கட்சிக்குக் கார்னர் என்ற விதி 2025-இல் வந்தது. கடைசி ஐந்து வினாடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். ஆடுகளத்தின் அளவு, பந்தின் பருமன், ஆட்ட நேரம், மாற்று ஆட்டக்காரர் மறுபடி உள்ளே வருதல் முதலியவற்றைப் பிள்ளைகளின் வயதுக்கேற்பக் குறைத்தும் தளர்த்தியும் கொள்ள அந்த விதிநூலே அனுமதி தந்திருக்கிறது.

விதியைப் படிப்பதைவிடக் கடினம், தவறாகப் படித்தவர்களின் நடுவே அதை நிலைநாட்டுவது. பக்கக் கோட்டிலிருந்து ஒரு பையன் பந்தை இரு கைகளாலும் தலைக்கு மேலாக எறிகிறான்; எதிர்க்கட்சியின் கோலுக்கு அருகில் தனியே நின்ற தோழன் அதை வாங்கி உள்ளே தட்டிவிடுகிறான். உடனே கோட்டோரத்திலிருந்து, “ஆப்சைடு! ஆப்சைடு சார்!” என்று தகப்பன்மார் பத்துப் பேர் ஏககாலத்தில் கூவுவார்கள். த்ரோவிலிருந்து நேராக வாங்கிய பந்துக்கு ஆப்சைடு கிடையாது. கார்னருக்கும் கோல் கிக்குக்கும் அப்படியே. இதை அறிந்த நடுவர் கோல் என்று தீர்ப்புச் சொல்லி, மையத்தை நோக்கிக் கையைக் காட்டிவிட்டு, ஓடும்போதே பாதுகாவல் கட்சியின் சிறுவனிடம், “தம்பி, த்ரோவுக்கு ஆப்சைடு இல்லப்பா, அடுத்த தடவை அவனை விடாதே” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோட்டோரத்துக் கூச்சல் அடங்கச் சற்று நேரம் பிடிக்கலாம். அந்தச் சிறுவன் அன்று கற்றதை என்றைக்கும் மறக்க மாட்டான்.

ஆட்டம் தொடங்குமுன் நடக்கும் பரிசோதனையில்தான் நம்மூர் நடுவரின் உண்மையான சாமர்த்தியம் வெளிப்படும். மோதிரம், காப்பு, சங்கிலி, தோடு எதையும் அணிந்து ஆடக்கூடாது என்பதும், அவற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டி மறைப்பதும் கூடாது என்பதும் நான்காம் விதி. லண்டனில் இதைச் சொல்வது எளிது. குப்பத்துப் பெண் குழந்தையின் காதில் கிடக்கும் தோட்டைக் கழற்றச் சொன்னால், “இப்பத்தான் குத்துனோம், துளை தூந்து போயிடும் சார்” என்று தாய் மறுப்பாள். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் பாட்டிக்கு மனம் கலங்கும். கண்டிப்பை விடாமலும், கடுமையைக் காட்டாமலும், தலையால் முட்டும் பந்து தோட்டின் மேல் பட்டால் காது கிழியும் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி, கழற்றிய தோட்டைத் தாயின் கையிலேயே கொடுக்கச் செய்து, ஆட்டம் முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று தேற்ற வேண்டியவர் நடுவரே.

காலணி விஷயமும் அத்தகையதே. விதியின் எழுத்துப்படி ஒவ்வோர் ஆட்டக்காரரும் காலணி அணிந்திருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோலும் போட்டார். 2–1 என்ற கணக்கில்தான் தோற்றோம். அந்தக் காலம் போயிற்று. ஆனால் தாழங்குடாவிலிருந்து வரும் பையனுக்கு இன்றும் பூட்ஸ் வாங்கப் பணமுடை. சங்கத்தின் போட்டியானால் விதியை விட்டுக்கொடுக்க இயலாது. தெருவும் தெருவும் மோதும் நட்பாட்டமானால், மணலில் இரு கட்சியாரும் வெறுங்காலோடு ஆடட்டும், ஒருவன் ஆணி வைத்த பூட்ஸோடும் மற்றவன் வெறுங்காலோடும் ஆடுவது மட்டும் கூடாது என்று சமயோசிதமாக முடிவு செய்பவரே குழந்தைகளுக்கேற்ற நடுவர் என்பேன்.

பன்னிரண்டாம் விதி, தவறுகளை அளக்க மூன்று படிகளை வகுத்திருக்கிறது. கவனக்குறைவால் மோதினால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள். அளவு மீறிய பலத்தைப் பிரயோகித்து அடுத்தவன் உடம்புக்குக் கேடு விளைவிக்கத் துணிந்தால் சிவப்பு. பத்து வயதுப் பிள்ளையின் தவறுகளில் ஏறக்குறைய எல்லாமே முதற்படியில் அடங்குபவை; தன் கால் எங்கே போகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. விழுந்தவனைத் தூக்கிவிடச் சொல்லி, ஃப்ரீ கிக் கொடுத்து, ஆட்டத்தைத் தொடரச் செய்வதே அங்கு நியாயம். ஆனால் அடித்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடும் கருணை, அடிபட்டவனுக்கு அநீதி என்பதையும் மறக்கலாகாது.

இந்தத் தொண்டில் துன்பமும் உண்டு. அதை மறைத்து யாரையும் அழைப்பது தர்மமாகாது. நெதர்லாந்தின் அல்மேரே நகரில், 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, தம் மகன் ஆடிய இளைஞர் ஆட்டத்துக்குத் தாமாக முன்வந்து கொடி பிடித்த ரிச்சர்ட் நியூவென்ஹாய்சன் என்ற தந்தையை, ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு உதைத்தார்கள். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 41. நாடு முழுவதும் அடுத்த வாரத்துக்கான அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தையும் அந்நாட்டுச் சங்கம் நிறுத்தி வைத்தது. இங்கிலாந்தில் 2023-இல், உள்ளூர் ஆட்டங்களின் நடுவர்களுக்கு வரும் வசவையும் தாக்குதலையும் தடுக்க, அவர்கள் மார்பில் காமிராவைப் பொருத்திப் பார்க்கும் சோதனையைத் தொடங்கினார்கள். இந்த வன்முறையைப் பிள்ளைகள் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. “ரெப்ரி காசு வாங்கிட்டான்” என்று தன் தகப்பன் கோட்டோரத்தில் நின்று சொல்லும் வார்த்தையைக் கேட்ட பையன், அடுத்த ஊதலுக்கு நடுவர் முன் மார்பை நிமிர்த்திக்கொண்டு போகிறான். ஆகவே சிறுவர் போட்டி நடத்துவோர் பெற்றோரை எல்லைக் கோட்டிலிருந்து சில அடி தள்ளி நிறுத்துவதும், நடுவரிடம் விளக்கம் கேட்க அணித் தலைவன் ஒருவனுக்கே உரிமை என்று தொடக்கத்திலேயே அறிவிப்பதும், ஒரு பெரியவரை அதற்கென்றே பொறுப்பாக்குவதும் அத்தியாவசியம். புதிதாக வந்த நடுவரை முதல் நாளிலேயே தனியே விட்டுவிட்டு, அவர் இரண்டாம் வாரம் வராததைக் கண்டு வருந்துவதில் பயனில்லை.

விருப்பமும் தகுதியும் உள்ளவருக்கு இந்தப் பாதை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு கொரியாவும் ஜப்பானும் நடத்திய உலகக் கோப்பையில் உதவி நடுவராகக் கொடி ஏந்தியவர் தமிழ்நாட்டுச் சங்கர் கோமளீஸ்வரன். திண்டுக்கல்லில் பிறந்து, ஆட்டக்காரியாகத் தொடங்கி, இளமையிலேயே பெற்றோரை இழந்தும் மைதானத்தை விடாமல், 2016-இல் ஃபிஃபாவின் நடுவர் பட்டியலில் இடம் பெற்றவர் ரூபாதேவி. அந்த உயரத்துக்குச் செல்ல விரும்புவோர், மாவட்டக் கால்பந்துக் கழகத்தை அணுகி, விதித் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் எழுதியும் ஓடியும் தேறி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக ஏற வேண்டும். சர்வதேச நடுவருக்கான சோதனையில், நாற்பது மீட்டர் தூரத்தை ஆறு முறை, ஆண்கள் ஒவ்வொரு முறையும் ஆறு வினாடிக்குள் ஓடிக் காட்ட வேண்டும். பிறகு எழுபத்தைந்து மீட்டர் ஓட்டமும் இருபத்தைந்து மீட்டர் நடையுமாக நாற்பது சுற்று. குழந்தைகளின் ஆட்டத்துக்கு இவ்வளவு வேகம் வேண்டியதில்லை. பந்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கப் போதுமான மூச்சும், கத்திரி வெயிலில் நடுவே ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் கரிசனமும் இருந்தால் ஐம்பது வயதுக்காரரும் செய்யலாம்.

இம்மாவட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை என்பதே என்னை இவ்வளவு எழுதத் தூண்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கும் மாணவர்களுக்கு நடுவர் பணியும் பாடத்தில் ஓர் அங்கம். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் காலை ஆட்டத்துக்குக் கடலூர் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வழிச்செலவையும் ஒரு வேளைச் சிற்றுண்டியையும் போட்டி நடத்துவோர் கொடுத்தால், அந்த இளைஞர்களுக்கு அனுபவமும் குழந்தைகளுக்கு முறையான நடுவரும் கிடைப்பார்கள். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்களும், பழைய ஆட்டக்காரர்களும், பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனாரும் இதற்கு வரலாம். தம் சொந்தப் பிள்ளை ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் நடுவராக நிற்க வேண்டாம். பக்கத்துத் திடலில் நடக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

எல்லாரினும் முக்கியமாக நான் எதிர்பார்ப்பது, இருபது ஆண்டுகளாக இம்மாவட்ட மைதானங்களில் ஆடி வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகோ உத்தியோகத்துக்குப் பிறகோ ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட பெண்களை. பெண் குழந்தைகள் ஆடும் இடத்தில் பெண் நடுவர் ஒருவர் நிற்பது, அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கும் தாய்மார்களின் பாதிச் சந்தேகத்தைப் போக்கிவிடும். அடிபட்ட பிள்ளையின் அருகே அவர் போய்க் குனிந்து என்னம்மா என்று கேட்கும்போது, அந்தப் பிள்ளை ஆண்களிடம் சொல்லக் கூசுவதையும் சொல்லும். அவர்களுக்கு விதிகள் புதியவையல்ல. ஆட்டத்தின் சூட்டில் எது தற்செயல், எது வேண்டுமென்றே செய்தது என்பது அவர்கள் கால்களுக்கே தெரியும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து, குறுவட்டப் போட்டிகள் தொடங்குமுன், மாவட்டக் கழகத்தாரும் பயிற்றுநர்களும் அவர்களை வீடு தேடிச் சென்று அழைத்து, அண்ணா விளையாட்டரங்கில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி, பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரின் ஆட்டம் ஒன்றை முதலில் அவர்கள் கையில் ஒப்படைக்கலாம். அந்த முதல் ஆட்டத்தின்போது பழகிய நடுவர் ஒருவர் கோட்டோரமாகக் கூடவே இருக்கட்டும். இடைவேளையில் அருகே சென்று, எங்கே நின்றால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று அவர் சொல்லிக் கொடுக்கட்டும்.